இரண்டு கடைக்கும் ஒரே சுவர்

தன் சமையலறையில் கரப்பான் பூச்சி இருக்கிறது என்று யாராவது சொன்னால், காமாரியா முதலில் சொன்னவரின் கண்ணைத்தான் சந்தேகிப்பாள். பினாங்கில், குவீன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவளும் கணவர் ஷேக் அலாவுதீனும் நாசி கண்டார் எனப்படும் சோறும் கறியும் விற்கும் கடை நடத்துகிறார்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் அங்கே பெரிய வேலை ஆரம்பிக்கும். சட்டிகளைத் தேய்த்து, தரைக்கு வெந்நீர் ஊற்றி, மேசைக் கால்களைக்கூடத் துடைத்து முடித்தால்தான் வேலையாட்கள் வீட்டுக்குக் கிளம்பலாம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஷேக் அலாவுதீன், "இன்னும் கொஞ்சம் தேச்சா சட்டியில ஓட்டை விழுந்துடும் லா" என்பார். அவருக்கு இடது காலில் பலம் குறைந்துபோய் நாலைந்து வருடமாகிறது. அதனால் அவரைத் தேய்க்கச் சொல்ல முடியாது. பேசுவதைத் தடுக்கவும் முடியாது.

அப்படிப்பட்ட கடையில், ஒரு சனிக்கிழமை மதியம், ஒருவர் தட்டில் வெண்டைக்காய்க்கு அடியிலிருந்து சின்னப் பூச்சி ஒன்று நடந்து வந்தது. சாப்பிட வந்தவர் கத்தவில்லை. கைப்பேசியை எடுத்து, பூச்சி தட்டின் விளிம்பை அடையும் வரை பொறுமையாகப் படம் பிடித்தார். மறுநாள் அந்தப் படம் பினாங்கு முழுக்கச் சுற்றியது. திங்கட்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். குளிர்ப்பெட்டியின் பின்பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து இருபது முப்பது பூச்சிகள் நாலாபக்கமும் ஓடின. இரண்டு வாரம் கடையை மூடச் சொல்லி, கதவில் தாளை ஒட்டினார்கள்.

காமாரியாவுக்குத் தலைகுனிவு தாங்கவில்லை. அஞ்சடியில், கடைகளின் முன்னே ஓடும் கூரையிட்ட நடைபாதையில், கூட்டம் நின்றது. அதிகாரிகளும் நின்றார்கள். அவர்கள் எல்லார் காதிலும் விழும்படி அவள் பக்கத்துக் கடையைக் காட்டிச் சத்தம் போட்டாள்.

"எங்க கடையில ஒரு சோத்துப் பருக்கை கீழ கிடக்காது! அங்க பாருங்க, கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. எல்லாம் அங்கிருந்துதான் வருது!"

பக்கத்துக் கடை நல்லமுத்துவுடையது. பூஜைப் பொருள் விற்பவர். அவர் மனைவி புஷ்பவள்ளி கடை வாசலில் மாலை கட்டுவாள். இரண்டு குடும்பமும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொருவர் பந்தி பரிமாறும் அளவுக்குப் பழக்கம். நல்லமுத்து காமாரியாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அன்று அவர் முகம் சுருங்கிப்போனது.

"சோத்துக் கடை உங்களுது. என் கடையில வந்து அது எதைத் தின்னும், கற்பூரத்தையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சு நின்றது.

காமாரியா கெப்பாலா பத்தாஸில் பிறந்தவள். அவள் வாப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தின் சிற்றுண்டிச்சாலையில் சமைத்தார். பள்ளி முடிந்ததும் அவள் புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து, பூதக்கண்ணாடி வழியாக மின்சுற்றுப் பலகைகளில் பழுது கண்டுபிடிக்கும் வேலை செய்தாள். அங்கே அவளுக்கு மேற்பார்வையாளராக இருந்தவள் குமுதா. பழுது கூடிப்போன ஒரு சமயம் எல்லாரும் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, குமுதா வந்து, "எங்க பழுதுன்னு பார்த்தது போதும். எப்ப எப்ப வருதுன்னு பாருங்கடி" என்றாள். இரவு வேலைக்காரர்கள் ஓர் இயந்திரத்தைச் சூடு ஏறும் முன்பே ஓட்டிக்கொண்டிருந்தது அப்படித்தான் தெரியவந்தது. கல்யாணமாகி ஜோர்ஜ்டவுனுக்கு வந்த பின் காமாரியா அந்தத் தொழிற்சாலையை நினைத்ததே இல்லை. கறிக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கடையைத் திறக்க அனுமதி வந்தது. தாளைக் கிழிக்க வந்த அதிகாரி ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர். கடுமையாகப் பேசவில்லை. மலாயில் மெதுவாகத்தான் சொன்னார்.

"சொல்லாமல் மறுபடி வருவேன். எப்போது என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு உயிரோடு ஒன்று இருந்தாலும் உரிமத்தைக் கேட்பேன், அக்கா. பிறகு இந்த இடத்தில் நீங்கள் அடுப்பு வைக்க முடியாது."

முப்பது வருட அடுப்பு. அவர் போன பிறகு காமாரியா சமையலறைக்குள் போய் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. ஆனால் இப்போது அவளுக்கு விவரம் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அவற்றின் தொழில்.

மருந்து அடிப்பவர்கள் வந்தார்கள். முதுகில் கலத்தை மாட்டிக்கொண்டு சுவரெல்லாம் நனையும்படி அடித்தார்கள். மறுநாள் காலை கூட்டிப் பெருக்கினால் ஒரு முறம் செத்த பூச்சி. மூன்றாவது வாரம் எதுவுமே நடக்காதது போல மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் இரண்டு ஓடின. மறுபடி அடித்தார்கள். மறுபடி ஒரு முறம், மறுபடி இரண்டு.

யாரோ சொல்லி ஸுல்கிஃப்லியைக் கூப்பிட்டார்கள். நாற்பது வயதிருக்கும். புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து படகேறி வருபவர். முதுகில் கலம் இல்லை. ஊசி போடும் குழாய் மாதிரி ஒன்றும், சின்னக் கைவிளக்கும், ஒரு கட்டு அட்டையும் வைத்திருந்தார். ஷேக் அலாவுதீன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, பூச்சிக்கு ஊசி போடப் போறீங்களா?"

"சாப்பாடு போடப் போறேன் பாய். உங்க தொழில்தான்."

ஸுல்கிஃப்லி குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் குனிந்து, இடுக்கியால் ஒரு பூச்சியைப் பிடித்து வெள்ளைத் தாளில் வைத்தார். விரல் நகத்தின் நீளம். வெளிர் தவிட்டு நிறம். தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. வயிற்றின் முனையில், வெளியே பாதி துருத்திக்கொண்டு, சின்னப் பை ஒன்று.

"இது சாக்கடையில வர்ற பெரிய கரப்பான், பெரிய லிபாஸ் இல்ல அக்கா. இது ஜெர்மன் லிபாஸ். வீட்டுக்குள்ளயே பொறந்து வீட்டுக்குள்ளயே சாகும். இந்தப் பை தெரியுதா? முட்டைப்பை. மத்த ஜாதியெல்லாம் முட்டையை எங்கயாச்சும் ஒட்டிட்டுப் போயிரும். இது மூணு நாலு வாரம் வாலிலயே சுமக்கும். பொரியற நேரத்துக்குத்தான் கீழ விடும். ஒரு பையில முப்பது, நாப்பது குஞ்சு."

"அப்ப மருந்து அடிச்சா தாயோட சேர்ந்து பையும் சாகணும்ல?"

"தாய்க்கு மருந்து பட்டதும் பையை உதறிரும். பைக்குள்ள மருந்து போகாது. தாய் செத்தாலும் பொரியற காலம் நெருங்கின பை பொரிச்சிரும். நீங்க ஒரு முறம் அள்ளிக் குப்பையில போட்டீங்களே, அந்த நேரம் நாளைய கூட்டம் சுவத்துக்குள்ள இருந்திருக்கும்."

காமாரியா தாளில் இருந்த பூச்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அருவருப்பு அடங்கி வேறொன்று ஏறிக்கொண்டிருந்தது. "குஞ்சு பெரிசாக எத்தனை நாள்?"

"நம்ம ஊரு சூட்டுல ரெண்டு மாசம் போதும். தோலை உரிச்சு உரிச்சு வளரும். உரிச்ச கையோட பார்த்தா வெள்ளையா இருக்கும், ஏதோ புது ஜாதின்னு நினைச்சுக்குவீங்க. சின்னதுங்க இடுக்கை விட்டு ரொம்பத் தூரம் வராது. பெரிசுங்க வெளிய போய்த் தின்னுட்டு வந்து போடற எச்சத்தைத் தின்னுட்டே வளரும். செத்த பொணத்தையும் தின்னும். அதான் நமக்கு வசதி. குழாய்ல இருக்கற இந்த விஷப் பசையைத் தின்ன பெரிசு வீட்டுக்குப் போய்ச் சாகும். அதைத் தின்னு சின்னதும் சாகும்."

"சீ" என்றார் ஷேக் அலாவுதீன். "குடும்பத்தோடவா?"

"குடும்பத்தோட போனாத்தான் பாய் கணக்கு முடியும்."

நிபந்தனை ஒன்றுதான் போட்டார். மருந்து தெளிக்கக் கூடாது. பசையின் பக்கத்தில் மருந்து வாடை இருந்தால் பூச்சி அதைத் தொடாது. பிறகு, எங்கெங்கே பூச்சி நடக்கிறது என்று பார்க்க, கோந்து தடவிய பிடி அட்டைகளை மூலைகளில் வைக்கச் சொன்னார். வாரத்துக்கு ஒருமுறை தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

காமாரியாவுக்கு வாரம் ஒருமுறை போதவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் காலையில், அடுப்பு மூட்டும் முன்பு, எல்லா அட்டைகளையும் எடுத்துப் பார்த்தாள். குழாய்ச் சொட்டைச் சரிசெய்ய வைத்தாள். துணிகளை ஈரத்தோடு போட்டு வைக்கும் வழக்கத்தை நிறுத்தினாள். வெங்காயம் வரும் அட்டைப்பெட்டிகளை அஞ்சடியிலேயே பிரித்துக் கொட்டிவிட்டு, பூச்சி ஒட்டி வரும் பெட்டி உள்ளே வரக் கூடாது என்றாள். வேலையாட்கள் முணுமுணுத்தார்கள். இவ்வளவு செய்தும் ஒரு மாதம் கழித்து ஸுல்கிஃப்லி தலையைச் சொறிந்தார்.

"எல்லா இடத்திலயும் ஏறினது இறங்கும் அக்கா. உங்க இடத்துல ஏறுது, இறங்குது, திரும்ப ஏறுது. பசையைத் தின்னுது, சாகுது. ஆனா குறைய மாட்டேங்குது. எனக்கே புரியல."

அன்றுதான் முப்பது வருடம் கழித்துக் குமுதாவின் குரல் காமாரியாவுக்குக் காதில் கேட்டது. எங்கே என்று பார்த்தது போதும்.

அவளுக்கு எழுதி வைக்கத் தேவையிருக்கவில்லை. தினமும் காலையில் அந்த அட்டைகளைப் பார்த்த வெறுப்பு மனதில் நாள்வாரியாகப் பதிந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலைகளில் அட்டைகள் ஏறக்குறையக் காலியாக இருக்கும். அன்றெல்லாம் அவள் கொஞ்சம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சட்டியை ஏற்றியிருக்கிறாள். சனிக்கிழமை காலை அட்டை நிறைந்திருக்கும், அதிலும் பையைச் சுமக்கும் தாய்ப்பூச்சிகள். வெண்டைக்காய்க்கு அடியிலிருந்து நடந்து வந்ததும் ஒரு சனிக்கிழமை.

வெள்ளிக்கிழமை இரவு ஏதோ நடக்கிறது. எங்கே? பூச்சி அதிகம் விழும் அட்டைகள் எல்லாம் ஒரு பக்கச் சுவரை ஒட்டியவை. அது நல்லமுத்துவின் கடையோடு பொதுவான சுவர். பழைய கடைவீடுகளில் இரண்டு வீட்டு மாடி உத்தரங்களும் ஒரே சுவரில்தான் சொருகியிருக்கும். நூறு வருட மரம் சுருங்கி, அதைச் சுற்றி இருந்த சுண்ணாம்பு உதிர்ந்து, உத்தரத்தின் முனைகளில் விரல் நுழையும் இடைவெளி. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக ஒரு பூச்சிக்கு அதற்கு மேல் என்ன வாசல் வேண்டும்?

"வேணும்னே விரட்டி விடறாங்க," என்றாள் காமாரியா. "நான் அன்னைக்குச் சொன்னதுக்குப் பழி."

"முத்தண்ணனா? அவரு எறும்பு ஏறினா ஊதித்தான் விடுவாரு," என்றார் ஷேக் அலாவுதீன்.

"ஊதித்தான் விடறாரு, நம்ம பக்கம்."

அந்த வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம், கடையில் கூட்டம் இருக்கும்போதே, காமாரியா கரண்டியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குள் நுழைந்தாள். கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு. சண்டைக்குப் பிறகு அவள் அந்தப் படியை மிதிப்பது அதுதான் முதல் தடவை.

உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஒரே புகை. சாம்பிராணிப் புகை கூரை வரை எழும்பி நின்றது. அதற்குள்ளிருந்து இருமல் சத்தமும், "போ, போ, போய்த் தொலை!" என்ற குரலும் வந்தன. புஷ்பவள்ளி ஒரு முக்காலியின் மேல் ஏறி, கரி கனலும் சட்டியைக் கையில் தூக்கி, உத்தரத்தின் முனையில் காட்டிக்கொண்டிருந்தாள். சாமி படங்களுக்குக் காட்டிவிட்டு நிறுத்தாமல், அலமாரிக்குப் பின்னால், பெட்டிகளுக்கு நடுவில், சுவரின் ஒவ்வொரு பிளவிலும் சட்டியைக் கொண்டுபோய் விசிறினாள். சுவரில் சின்னச் சின்னத் தவிட்டுப் புள்ளிகள் ஓடி உத்தரத்துக்குள் மறைந்தன.

"பார்த்துட்டேன்!" என்றாள் காமாரியா. "ஏன் புஷ்பா, இதுக்குப் பேரு என்ன? சாமி கும்பிடறதா, எங்க வயித்துல அடிக்கறதா?"

புஷ்பவள்ளி முக்காலியிலிருந்து இறங்கவில்லை. சட்டியைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள். கண் இரண்டும் புகையில் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"வாங்கக்கா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. நீங்களே பாருங்க. வியாழக்கிழமை ராத்திரி ஆச்சுன்னா உங்க வீட்டுச் சுவத்துலருந்து வந்து கொட்டுது. காலையில கடையைத் திறந்தா கற்பூர டப்பா மேல, மாலை மேல, விநாயகர் தோள் மேல. நான் என்ன, வச்சுக் கும்பிடவா? வெள்ளிக்கிழமை ஆனா வந்த வழியே திருப்பி அனுப்பறேன். உங்களுது உங்களுக்கு!"

காமாரியா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வியாழக்கிழமை ராத்திரி என்ற சொல் உள்ளே போய் உட்கார்ந்தது.

அவள் மாமியார் காலத்திலிருந்து அந்த வீட்டில் வெள்ளி இரவு தவறியதில்லை. அவர்கள் வழக்கில் வியாழக்கிழமை சூரியன் மறைந்தாலே வெள்ளி இரவுதான். ஷேக் அலாவுதீன் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதுவார். ஓதி முடித்ததும் காமாரியா சாம்பிராணிச் சட்டியைக் கையில் எடுத்து வாசல், கல்லா, சமையலறை என்று சுற்றி வருவாள். பூச்சித் தொல்லை வந்த பிறகு இன்னும் இரண்டு கைப்பிடி அதிகமாகப் போட்டு, குளிர்ப்பெட்டிக்குப் பின்னாலும் உத்தரத்துக்கு நேர் கீழேயும் வெகுநேரம் காட்டி வந்தாள். மறுநாள் காலை அட்டைகள் காலியாக இருந்ததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள்.

"என்னக்கா, பேச்சைக் காணோம்?" என்றாள் புஷ்பவள்ளி.

"அந்தச் சட்டியைக் கீழ வை," என்றாள் காமாரியா. "வச்சிட்டு இறங்கு. நானும் அதையேதான் செய்யறேன்."

நல்லமுத்து புகைக்குள்ளிருந்து வெளியே வந்தார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. காமாரியா அழுகிறார் என்றே நினைத்தாள்.

"வியாழக்கிழமை அங்கிருந்து இங்க. வெள்ளிக்கிழமை இங்கிருந்து அங்க," என்று அவர் சிரிப்புக்கு நடுவில் சொன்னார். "நம்ம ஆளுங்க கூட இவ்வளவு ஒழுங்கா ஊருக்குப் போய்ட்டு வர மாட்டாங்க, தங்கச்சி."

சிரிக்கும் நிலையில் காமாரியா இல்லை. அந்த அஞ்சடியில் தான் கத்தியது அவளுக்கு நினைவிருந்தது. "நான் அன்னைக்கு ஊரு முன்னால பேசினது தப்பு அண்ணே. அதை அப்புறம் பேசிக்குவோம். இப்ப எனக்கு உங்க கடை வேணும். என் கடைக்குப் போடற பசையை உங்க கடையிலயும் போடணும். ஒரே நாள்ல, ஒரே மாதிரி. இல்லாட்டி எனக்கு அடுப்பு இல்ல."

புஷ்பவள்ளிக்கு அது பிடிக்கவில்லை. பசை போடுவதில் அவளுக்குத் தடையில்லை. புகையை நிறுத்தச் சொன்னதுதான் தடை. "சாமிக்குக் காட்டறதை நான் எப்படி நிறுத்துவேன்? நீங்க நிறுத்துவீங்களா?"

"சாமிக்குக் காட்டு. சுவத்துக்குக் காட்டாதே. படத்துக்கு முன்னால ஒரு சிட்டிகை, அதோட வாசலுக்குக் கொண்டுபோய் வச்சிரு. நானும் வாசல்லயே வச்சுக்கறேன்."

வீட்டில் ஷேக் அலாவுதீன் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. "உம்மா செஞ்சதை மாத்தறதா?" என்றார். காமாரியா சட்டியைத் தூக்கி அவர் முன்னால் வைத்தாள். "உம்மா வீட்டுக்கு வாசனை காட்டினாங்க. நான் பூச்சிக்கு வழி காட்டினேன். ரெண்டும் ஒண்ணா?" அவர் யோசித்தார். அடுத்த வியாழக்கிழமை யாசீன் ஓதி முடித்ததும், தானே சட்டியை வாங்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தார்.

மறுநாள் காலை ஸுல்கிஃப்லி இரண்டு கடையிலும் பசை வைத்தார். உளுந்து அளவுக்குப் புள்ளி புள்ளியாக, உத்தரத்தின் முனைகளில், கீல்களின் இடுக்கில், குளிர்ப்பெட்டியின் இயந்திரத்துக்குப் பக்கத்தில். நல்லமுத்துவின் கடையில் சாமி படங்களைக் கழற்ற வேண்டியிருந்தது. கடை ஆரம்பித்த நாளிலிருந்து அவற்றை யாரும் அசைத்ததில்லை. நல்லமுத்து குளித்துவிட்டு வந்து, ஒவ்வொன்றாகத் தானே இறக்கினார். முருகன் படத்தின் பின்பலகையைத் திறந்ததும் புஷ்பவள்ளி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குஞ்சும் பெரிசுமாக, உரித்த தோலும் வெற்றுப் பைகளுமாக, பலகையே தெரியவில்லை.

"ரெண்டு மாசம்," என்றார் ஸுல்கிஃப்லி. "இன்னைக்குப் பைக்குள்ள இருக்கறது வெளிய வந்து, வளர்ந்து, அது ஒரு பை போடறதுக்கு முன்னால பசையைத் தின்னுடணும். அதுவரைக்கும் புகை இல்ல, தெளிப்பு இல்ல. சுவத்து ஓட்டையை இப்ப அடைக்காதீங்க, உள்ள இருக்கறது வெளிய வந்து தின்னட்டும். கடைசியில சுண்ணாம்பு வச்சு அடைப்போம்."

முதல் பத்து நாள் கொடுமையாக இருந்தது. விரட்டுபவர் இல்லாததால் பூச்சிகள் நிதானமாக வெளியே வந்தன. பசையைத் தின்றவை மயங்கிப் பட்டப்பகலில் மாவரைக்கும் மேடையில் தள்ளாடின. காமாரியா ஒவ்வொன்றையும் துணியால் அமுக்கி எடுத்தாள். சாப்பாட்டுத் தட்டுகளை எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏற்றினாள். கறிகளை மூடாமல் ஒரு கணம் வைக்கவில்லை. ஷேக் அலாவுதீன் ஒருநாள் கல்லாவுக்கு அடியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து, மூடியைத் திறக்கும்போது அகப்பட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவை லா, மாரியா. இந்த மூலைக்கு மட்டும். அந்த ஆளு இன்னைக்கு வந்துட்டா?"

"வந்தா வரட்டும். இதை அடிச்சா பத்து நாளாச் செஞ்சது பாழ்." குப்பியைப் பிடுங்கினாள். வீட்டில் இருந்த மற்ற குப்பிகளையும் தேடி எடுத்து, புஷ்பவள்ளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "இவரு வந்து கேட்டா குடுக்காதே. உன் வீட்டுக்காரரு கேட்டாலும் குடுக்காதே."

"எங்க வீட்டுக்காரரு ஏற்கனவே ஒண்ணை ஒளிச்சு வச்சிருந்தாரு," என்றாள் புஷ்பவள்ளி. "நேத்துதான் புடுங்கினேன்."

மூன்றாம் வாரம் சனிக்கிழமை காலை அட்டைகள் மற்ற நாட்களைப் போலவே இருந்தன. நாலாம் வாரம் பெரிசுகள் அபூர்வமாகின. குஞ்சுகள் மட்டும் அட்டையில் கறுப்பு எள் போல ஒட்டியிருந்தன. ஐந்தாம் வாரம், ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, மதியச் சாப்பாட்டுக்குச் சட்டிகள் வரிசை கட்டி நின்றபோது, கண்ணாடி போட்ட அதிகாரி அஞ்சடியில் வந்து நின்றார்.

ஷேக் அலாவுதீன் கண்ணால் ஜாடை காட்டினார். குளிர்ப்பெட்டிக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்துவிடு என்று அர்த்தம். காமாரியா அசையவில்லை. எடுத்துவிட்டால், அதில் ஒட்ட வேண்டியது தரையில் ஓடும்.

அதிகாரி முட்டி போட்டு விளக்கடித்துப் பார்த்தார். தகட்டைக் கழற்றினார். கீல்களைப் பார்த்தார். நாற்காலி போட்டு ஏறி உத்தர முனைகளைப் பார்த்தார். கடைசியில் அட்டையை உருவினார். அதில் குஞ்சுகள் சில ஒட்டியிருந்தன. ஒன்று இன்னும் மீசையை அசைத்தது.

சட்டியில் குழம்பு கொதித்தது.

"இது உயிரோடு இருக்கிறது," என்றார் அதிகாரி.

"ஆமா," என்றாள் காமாரியா, மலாயிலேயே. "இன்னும் மூணு வாரம் வேலை இருக்கு." பசையை, அட்டையை, புகை போகும் வழியை, உத்தரத்தின் இடைவெளியை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் எழுந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "அப்படியானால் பூச்சி அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. முதல் தடவை நீங்களும் அதைத்தானே சொன்னீர்கள்? நான் அப்படியே எழுதிவிடுகிறேன். மூலம் பக்கத்துக் கடை என்று. அவர்களுக்கு அறிவிப்பு போகும், பொருளையெல்லாம் அப்புறப்படுத்தச் சொல்லுவோம். உங்கள் உரிமத்துக்கு ஆபத்தில்லை."

ஷேக் அலாவுதீன் மூச்சை விட்டார். வாசலில், புகை விஷயம் வெளிவந்த நாளிலிருந்து பழையபடி இந்தக் கடையில் தேநீர் குடிக்க வரும் நல்லமுத்து, கையில் கோப்பையோடு நின்றிருந்தார். அவருக்கு மலாய் நன்றாகப் புரியும்.

காமாரியா அவர் பக்கம் பார்க்கவில்லை. அவள் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. அறிவிப்பு போனால் அங்கே பெட்டிகள் அவசரமாக வெளியேறும், மருந்துக் கலங்கள் வரும், சுவரெல்லாம் நனையும். அங்கே இருக்கும் கடைசிக் குஞ்சுகள் எங்கே ஓடும்? அது ஒரு பக்கம். தன்னை ஒருநாள் இதே மாதிரி ஊர் முன்னால் நிறுத்தினார்கள். தானும் நல்லமுத்துவை அப்படி நிறுத்தினாள். அதை இன்னொரு முறை தாளில் எழுதித் தர அவளுக்கு மனமில்லை.

"அங்கிருந்தும் வருது, இங்கிருந்தும் போகுது," என்றாள். "சுவர் பொது. பூச்சியும் பொது. எழுதறதுன்னா என் பேர்ல எழுதுங்க. மூணு வாரம் கழிச்சு வாங்க. அன்னைக்கு ஒண்ணு இருந்தா நானே உரிமத்தை எடுத்துக் கையில தரேன்."

அதிகாரி பேனாவை எடுத்தார். எழுதினார். இறுதி எச்சரிக்கை, காமாரியாவின் பெயரில். கையெழுத்துப் போடும்போது அவள் விரல் மஞ்சளாக இருந்தது. தாளிலும் மஞ்சள் ஒட்டியது.

நல்லமுத்து கோப்பையை வைத்துவிட்டுப் போனார். அன்று பிற்பகல் அவர் கடை வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. கூரை வரை இருந்த அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருந்ததைப் பிளாஸ்டிக் தொட்டிகளில் மாற்றி, வெற்றுப் பெட்டிகளை ஏற்றி அனுப்பினார். மூன்று நாள் வேலை. புஷ்பவள்ளி ஒவ்வொரு பெட்டியையும் வெயிலில் தட்டினாள். காமாரியாவும் கடையை அடைத்த பிறகு போய்த் தட்டினாள்.

மூன்று வாரம் முடிந்தது. ஸுல்கிஃப்லி கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து உத்தர முனைகளைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தார். இரண்டு கடையிலும் அட்டைகள் தூசியைத் தவிர வேறெதையும் பிடிக்காமல் இருந்தன.

காமாரியா சொன்ன நாளுக்கு அதிகாரி வரவில்லை. ஒரு வாரம் தாமதமாக, சாப்பாட்டு நேரத்தின் உச்சத்தில் வந்தார். முன்பு பார்த்ததையெல்லாம் பார்த்தார், பார்க்காததையும் பார்த்தார். பக்கத்துக் கடைக்கும் போய், நல்லமுத்துவின் அனுமதியோடு சாமி படங்களின் பின்புறத்தைப் பார்த்தார். திரும்பி வந்து, பழைய எச்சரிக்கையின் மேல் குறுக்கே கோடு போட்டு, தேதியிட்டு, நகலைக் காமாரியாவிடம் கொடுத்தார். வெளியே போய்ச் செருப்பை மாட்டியவர், திரும்பி வந்து வரிசையில் நின்று, மீன் சினைக் கறியோடு ஒரு பொட்டலம் கட்டச் சொன்னார்.

கூட்டம் அடங்கிய பிறகு ஷேக் அலாவுதீன் கல்லாவில் கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சாய்ந்தார்.

"இனிமே அந்த அட்டையெல்லாம் தூக்கிப் போட்டுடலாம், இல்ல?"

"வெங்காயப் பெட்டி வர்றது நின்னுடுச்சா?" என்றாள் காமாரியா. "பக்கத்துல பூக்கூடை வர்றது நின்னுடுச்சா?"

அவள் புது அட்டையின் மேல்தாளை உரித்து, குளிர்ப்பெட்டிக்கு அடியில் தள்ளினாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்குப் போகச் செருப்பைத் தேடினாள்.